இடது பக்கத்து சீட்

துரை,

நாளைக் காலை உன் கூட்டாளிகள் லாரியோடு வருகிறார்கள். அதற்காக இன்று உன் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினேன். பெட்ரோல் நாற்றம் முகத்தில் அறைந்தது. நீ போன பிறகு ஒரு தீபாவளி வந்து போனது, ஒரு பொங்கல் வந்து போனது, இந்த நாற்றம் மட்டும் போகவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து புருஷன் வாசனை என்று அழுதிருப்பாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நீ சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு வாசனையை அமுக்கிவிட்டு மேலே ஏறுமே, அதே நாற்றம்.

தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். உன் வண்டி கிடந்தது. நின்றது என்று எழுத மாட்டேன், கிடந்தது. பாதி சிவப்பு, நீ தேய்த்து விட்ட மீதி சாம்பல். நீட்டி வைத்த மூக்கு, உருண்டைக் கண்ணு, மேலே கூரை கிடையாது, உள்ளே இரண்டே சீட். ஒரு மூட்டை அரிசி வைக்க இடமில்லாத இதற்குக் கார் என்று பெயர்.

வெள்ளைக்காரன் ஊரில் செய்த இந்த வண்டியை வேலூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் பழைய இரும்போடு இரும்பாகப் பார்த்து, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாயே, அன்றுதான் உனக்குத் துரை என்று பெயர் வைத்தேன். அதுவரை நீ எனக்கு மாமாதான். அத்தை மகன், சின்ன வயதிலிருந்து வா போ என்று பேசிப் பழகி, அப்படியே கட்டிக்கொண்டவன். துரை என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நீ காலரைத் தூக்கி விட்டுக்கொண்டாய்.

ஊர்க் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிக்கிற ஆளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஊரான் வண்டிக்கே பவுடர் பூசிகினு கெடக்கணுமா? இது எனுக்கு."

எனக்கு என்றாய். நமக்கு என்று சொல்லவில்லை. அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் கூட்டாளிகள் முளைத்தார்கள். பெனடிக்ட் சார் நம் ஊர் மனிதர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரையாவது பொறுத்துக்கொள்வேன், டீ கொடுத்தால் தம்ளரைக் கழுவி வைப்பார். மாறன் சென்னை. கம்ப்யூட்டர் வேலை. பழைய கார் பைத்தியங்கள் எல்லாம் போனில் ஒரு குரூப் வைத்திருந்தீர்களே, அதில் பிடித்த ஆள். ஞாயிறு தவறாமல் சேவூர் ரோட்டில் இருக்கிற உன் ஷெட்டுக்கு வந்துவிடுவான். உங்கள் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. இந்த வண்டியை இன்றைக்கு யாராவது புதிதாகச் செய்தால் எப்படிச் செய்ய வேண்டும்?

மூன்று பேரில் ஒருத்தருக்கும் அந்த வண்டியைச் செய்த கம்பெனியில் வாட்ச்மேனைக்கூடத் தெரியாது. ஆனால் பேச்சைக் கேட்டால், நாளைக்குப் பட்டறையைத் திறக்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

"ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்தக் கூடாதுப்பா," என்பார் சார். "அந்த சத்தம்தான் வண்டி. சத்தம் போச்சுன்னா அப்புறம் அது மிக்ஸி."

"மிக்ஸிகூட சத்தம் போடும் சார்," என்பான் மாறன். "இன்னைக்குச் செய்யறவன் பெட்ரோலே போட மாட்டான். மோட்டார், பேட்டரி. கதவுக்குள்ள கம்பி, இடிச்சா ஊதுற பை. நடுவுல ஒரு ஸ்க்ரீன். மத்தபடி அதே மூக்கு, அதே கண்ணு. பாத்தா பழசு, உள்ள புதுசு."

நீ வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டே குரல் கொடுப்பாய். "ஸ்க்ரீனு வேணாம்டா. மீட்டர்ல முள்ளு ஆடணும். முள்ளு ஆடினாத்தான் வண்டிக்கு உசுரு கீதுன்னு தெரியும்."

"அண்ணா, முள்ளையும் ஸ்க்ரீன்லயே ஆட விடலாம்."

"அது முள்ளு படம்டா. சாமி படத்துக்குப் பசிக்குமா?"

இப்படியே மத்தியானம் வரை. நான் நெசவை நிறுத்திவிட்டு டீ கொண்டு வருவேன். ஒரு நாள் பொறுக்காமல் நானும் கேட்டேன். புடவை கட்டினவள் இதில் எப்படி ஏறுவாள்? கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டியிருக்கிறது. புதிதாகச் செய்கிறவன் கதவைக் கொஞ்சம் பெரிதாக வைக்கக் கூடாதா? மாறன் சிரித்தான். "அக்கா, இது ஸ்போர்ட்ஸ் காரு." அந்த ஒரு சொல்லோடு என் கேள்வி முடிந்தது. சார் சிரிக்கவில்லை. நீ சிரித்தாய், அதுவும் எனக்குக் கேட்டது.

"பானு எங்க ஒக்காருவா? பெத்த பொண்ணுக்கு எடம் இல்லாத வண்டி இன்னா வண்டி?" என்றேன்.

"வண்டின்னா ரெண்டு பேருதான்டி. மூணாவது ஆள் ஏறினா அதுக்குப் பேரு பஸ்ஸு. பானுவுக்கு வர்றவன் அவளுக்கு வாங்கித் தரட்டும்."

இரண்டு பேர் என்று நீதான் சொன்னாய். உன் வாயால்.

அப்புறம் அந்தக் கூரை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வண்டியோடு வந்த துணிக் கூரை மக்கிப் போயிருந்தது. புதிதாகச் செய்தால் எந்தத் துணியில் செய்வது என்று நீங்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். மாறன் ரப்பர் துணி என்றான். சார் கான்வாஸ் என்றார். நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"பட்டு."

"பட்டா?"

"புழு எதுல கூடு கட்டுது? பட்டுலதான? மழை பெஞ்சா உள்ள கீற புழு நனையுதா? அப்ப பட்டு மழைய தாங்கும். ஆரணியில இருந்துகினு கூரைக்கு ரப்பர் வாங்குவேனா? இன்னைக்கி இந்த வண்டிய நம்ம ஊருல செய்தா பட்டுக் கூரைதான்."

வேறு ஊரில் இப்படி ஒருத்தன் பேசியிருந்தால் துரத்தியிருப்பார்கள். இங்கே நம் நெசவுத் தெருவே சரி என்றது. கோந்து எடுக்காத பட்டாக இருந்தால் கெட்டியாக நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சேலைப் பாவு நூலுக்குப் போடுவதைவிடக் கஞ்சியைக் கூடுதலாகப் போட்டால் தகரம் மாதிரி விறைக்கும் என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார். விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டபோது, முகூர்த்தப் புடவைக்குக்கூட அத்தனை பேர் கை கொடுத்ததில்லை. நெய்தது நான். மூன்று இழை சேர்த்து, கருநீலத்தில், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. கூரையை மாட்டியதும் தட்டிப் பார்த்தாய். டங் என்றது. தெருவே கை தட்டியது.

ஒரு வழியாக ஓட வைத்து, கூரையும் போட்ட வண்டியில் என்னைப் போளூர்ப் பக்கத்துத் திருமலைக்கு, அந்தச் சமணக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நான் வரவில்லை என்றேன். நீ கெஞ்சவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், ஜல்தி ஜல்தி என்று விரலைச் சொடுக்கிக்கொண்டு. ஏறினேன். தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. டவுன் பஸ் சக்கரம் என் காதுக்கு நேராக ஓடியது. ஊர் எல்லை தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது உன் முகம் தெரிந்தது.

இதை உன்னிடம் சொன்னதே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். உன் சட்டைக் காலர் எங்கே கிழிந்திருக்கிறது, பிடரியில் எந்த முடி முதலில் நரைத்தது, எல்லாம் தெரியும். வண்டி ஓட்டும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நீ நாக்கின் நுனியை உதட்டு ஓரத்தில் துருத்திக்கொண்டு ஓட்டுகிறாய். கோலம் போடுகிற பிள்ளை மாதிரி. ஒரு மேடு வந்தால் நாக்கு உள்ளே போகிறது, மேடு தாண்டினால் வெளியே வருகிறது. திருமலை வரைக்கும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மலை மேல் நின்றிருக்கிற அந்தப் பெரிய கல் சாமியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது போளூருக்கு இந்தப் பக்கம் மழை பிடித்தது. முதல் பத்து நிமிஷம் நீ என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், பார்த்தியா பார்த்தியா என்று. அப்புறம் கூரையின் நடுவே ஒரு தொப்பை விழுந்தது. தொப்பை பெருத்துக்கொண்டே வந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, கஞ்சி சொட்டியது. வெள்ளையாக, கொழகொழவென்று, உன் மண்டையில், என் மடியில், நான் கட்டியிருந்த ஒரே நல்ல புடவையில். டீக்கடை ஓரமாக நிறுத்தினாய். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டிக்குள்ளயே சோறு வடிக்கிறீங்களா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. உன் தலையிலிருந்து கஞ்சி வழிகிறது, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். உனக்குச் சிரிப்பு என்றால் இரண்டு தோளும் குலுங்கும், முகம் ஒரு பக்கமாகச் சாயும். கேலிக்குச் சொன்னாய் என்றால் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். வாயை வைத்து உன்னைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தக் கூரை கழன்றது, கழன்றதுதான். பிறகு உங்கள் பேச்சு முழுக்க மாறன் பக்கம் சாய்ந்தது. மோட்டார் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தீர்கள். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கினீர்கள். அது ஷெட் நடுவே தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான், காலையில், உனக்கு நெஞ்சை அடைத்தது. சோடா வாங்கிவரச் சொன்னாயாம். சோடா வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டாயாம்.

நான் தறியிலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் சார் உன்னை ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஷெட்டில் யாரும் இல்லை. கதவு இல்லாத கார், கண்ணாடி இல்லாத வேன், மூக்கு நசுங்கிய ஜீப், எஞ்சின் இல்லாத இந்த இரண்டு சீட் அதிசயம். ஒரு ஷெட் நிறைய வண்டி வைத்திருந்தாய் துரை. உன்னைத் தூக்கிப் போக ஒன்றுகூட ஓடவில்லை. எஞ்சின் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்கும் இந்த வண்டிக்கும் பேச்சு இல்லை.

உன் காரியத்துக்குச் சாரும் மாறனும் வந்தார்கள். மாறன் அழுதான், நான் அவனைத் தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு போன ஞாயிறுதான் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஷெட்டைக் காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் கேட்டுவிட்டார், அது அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. மாறன் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து ஒரு படம் காட்டினான். உன் வண்டி. சிவப்பு இல்லை, மயில் கழுத்து நிறம். அதே மூக்கு, அதே கண்ணு. பக்கவாட்டில் சேலை பார்டர் மாதிரி ஒரு கோடு.

"உங்க ஊரு பார்டரையே போட்டிருக்கேன்க்கா. அண்ணன் ஞாபகமா. நாங்களே செஞ்சி முடிச்சு சென்னையில ஒரு ஷோவுல வெக்கப் போறோம். அண்ணன் பேரு எழுதி."

"காருக்கு எதுக்குப்பா சேலை?" என்றேன்.

பானு என் கையைக் கிள்ளினாள். சும்மா இரும்மா என்று அர்த்தம். அவள் கொடுத்துவிடச் சொல்கிற கட்சி. துருப்பிடித்துப் போவதைவிட ஓடட்டும் என்கிறாள். எனக்கும் கொடுத்துத் தொலைத்தால் போதும் என்றுதான் இருந்தது. தலையாட்டப் போனேன். அப்போதுதான் படத்தை மேலேயிருந்து காட்டினான்.

"இந்தப் பக்கம் இன்னா மூடி?"

"அது பேட்டரிக்கா."

"சீட் எங்க?"

"ஒரு சீட்டுதான்க்கா. இந்த வண்டிக்கு அழகே லேசா இருக்கிறதுதான். பேட்டரி கனம். அதை ஏத்திட்டு ரெண்டு ஆளையும் ஏத்தினா பழைய வண்டி மாதிரி துள்ளாது. எப்படியும் இந்த மாதிரி வண்டிய ஓட்டறவன் தனியாத்தான் ஓட்டுவான்."

"அப்ப சைக்கிள் வாங்கிக்கச் சொல்லு."

சார் இருமினார். மாறன் முகம் சுண்டிப் போனது. நான் நிறுத்தவில்லை. "அது என் எடம். என் எடத்துல பேட்டரிய வெச்சிட்டு அவரு பேர மேல எழுதுவியா? எந்த ஊரு ஞாபகம் இது?"

"அம்மா," என்றாள் பானு, "மழையில நனைஞ்சி வந்த அன்னிக்கே இனிமே ஏறவே மாட்டேன்னு நீதான சொன்ன?"

"ஆமா, ஏற மாட்டேன். இப்பவும் ஏற மாட்டேன். எடம் இருக்கணும்."

அவர்களுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாறன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இது என் யோசனை இல்லக்கா. அண்ணன்தான் சொன்னாரு."

தெருவில் யாரோ பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எப்ப?"

"எஞ்சின கழட்டித் தூக்கினமே, அந்த வாரம்."

"இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் தயங்கினான். "பேட்டரிய எங்க வெக்கறதுன்னு கேட்டேன். 'அவ சீட்டுல வெய்யி, அவ எங்க வரப் போறா'ன்னாரு."

அது உன் பேச்சுதான். அவ எங்க வரப் போறா. சென்னைப் பையனால் அப்படிக் கற்பனை செய்ய முடியாது.

"சிரிச்சிகினு சொன்னாரா?"

"தெரியலக்கா. வண்டிக்கு அடியில படுத்துகினு இருந்தாரு. காலுதான் தெரிஞ்சுது."

சாரைப் பார்த்தேன். அந்த நேரம் டீ சொல்லப் போயிருந்தேன் அம்மா என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

கோபத்தில் நான் ஒரு நாளைக்கு நூறு சொல்வேன். இனி உனக்குச் சோறு போட மாட்டேன் என்று சொல்லாத வாரம் உண்டா? ஒரு வேளையாவது போடாமல் இருந்திருக்கிறேனா? அந்தக் கஞ்சிப் புடவையைத் துவைத்துக்கொண்டே ஏற மாட்டேன் என்றேன். அதை ஒரு பேச்சு என்று எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி வண்டியை அறுத்துத் தைக்கிற ஆளா நீ? இன்னொரு தரம் வா என்று கூப்பிட்டாயா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலைச் சொடுக்கினாயா? அதைச் செய்யாமல், அடியில் படுத்துக்கொண்டு, யாரோ ஒரு பையனிடம் என் இடத்தைக் கொடுத்துவிட்டாய்.

இல்லை, கேலிக்குச் சொல்லியிருக்கலாம். என்னைப் பற்றி வெளியில் பேசினால் உனக்குக் கேலிதான் வரும். அப்படியும் இருக்கலாம்.

மாறனிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். "ரெண்டு சீட்டு வெச்சா எடுத்துகினு போ. இல்லன்னா விடு, நான் இதுல கோழி அடைக்கிறேன்."

"அப்ப பேட்டரி சின்னதாயிடும்க்கா. ரொம்ப தூரம் போகாது."

"போவ வேணாம். திருமலைக்குப் போய் வந்தா போதும்."

இரண்டு நாள் குரூப்பில் பேசினார்களாம். வெளியூர்க்காரர்கள் எல்லாம் வண்டியைக் கெடுக்கிறாள் என்று திட்டினார்களாம். திட்டட்டும். கடைசியில் மாறன் போன் செய்து சரி என்றான். குரலில் ஒரு சுணக்கம், அதனால் சாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று பானு கேட்கிறாள். யாரும் உட்கார வேண்டாம். ஷோவுக்கு வருகிறவன் பார்க்கும்போது, ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒருத்திக்கு இடம் இருந்தது என்று தெரிந்தால் போதும்.

வண்டி போய்விட்டால் நாற்றமும் போய்விடும். உன் முதுகு என்னிடம் இருக்கிறது, நாக்கைத் துருத்திக்கொண்டு ஓட்டிய முகமும் இருக்கிறது. மாறன் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முகம் இல்லை. அதைத்தான் தறியில் உட்கார்ந்தாலும், அடுப்பில் நின்றாலும், போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தரம் தோள் குலுங்குகிறது, ஒரு தரம் குலுங்கவில்லை.

அவ எங்க வரப் போறா என்று அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னாயே துரை, சிரித்துக்கொண்டா சொன்னாய்?